சொந்தக் கார்க் காப்பீடு இல்லாதவருக்கு வாடகைக் கார்: சான் பிரான்சிஸ்கோ விமான நிலையச் சேவை ஒரு மதிப்பீடு

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் கால்ட்ரெயினையும் பார்ட் ரயிலையும் நம்பி, சொந்தக் கார் இல்லாமல் வாழும் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். மாணவர்கள், வேலைக்கு வந்து முதல் ஆண்டில் இருப்பவர்கள், நகருக்குள் கார் நிறுத்த மாத வாடகை கொடுக்க மனமில்லாதவர்கள் எனப் பலர். ஊரிலிருந்து பெற்றோர் வந்துவிட்டால் மட்டும் லிவர்மோர் சிவா விஷ்ணு கோயிலுக்கும் யோசமிட்டிக்கும் அழைத்துப் போகக் கார் தேவைப்படுகிறது. அப்படிப்பட்ட சமயங்களில் நான் விமான நிலைய வாடகைக் கார் மையத்தில் உள்ள ஒரு பெரிய நிறுவனத்திடம் கார் எடுத்து வருகிறேன். அந்தச் சேவை, சொந்தக் கார்க் காப்பீடு இல்லாத ஒருவருக்கு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

காரைப் பற்றிச் சொல்லக் குறை எதுவும் இல்லை. விமான நிலையத்துக்குள் ஓடும் ஏர்டிரெயின் ரயிலின் நீலத் தடத்தில் ஏறினால் மையத்தின் வாசலிலேயே இறங்கலாம். முன்பதிவு செய்த வகைக் கார் சுத்தமாகவும் நல்ல டயர்களோடும் தயாராக இருக்கும். திருப்பித் தரும்போதும் வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். சிக்கல் முழுவதும் கவுன்டரில் நடக்கும் காப்பீட்டுப் பேச்சில்தான் இருக்கிறது.

சொந்தக் காப்பீடு இல்லாவிட்டால் கார் தரமாட்டார்கள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது உண்மையில்லை. செல்லுபடியாகும் ஓட்டுநர் உரிமமும் பெயருக்குரிய கிரெடிட் கார்டும் இருந்தால் பெரிய நிறுவனங்கள் பொதுவாகக் காரைக் கொடுத்துவிடுகின்றன. 25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் மட்டும் கூடுதல் கட்டணம் வாங்குவார்கள். ஆகவே கார் கிடைக்குமா என்பதை விட, விபத்து நேர்ந்தால் யார் பணம் கொடுப்பது என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தக் கேள்விக்கு நம் ஊர்ப் பழக்கம் தவறான விடையைத் தருகிறது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் ஒரு வண்டி சாலைக்கு வரக்கூடாது என்பதால், சென்னையில் வாடகைக்குக் கார் எடுத்து ஓட்டுகிறவர், காரோடு காப்பீடும் வந்துவிடும் என்று இயல்பாகவே எடுத்துக்கொள்கிறார். அமெரிக்காவில் வாடகைக் கார் தொழிலின் நடைமுறை வேறோர் அடிப்படையில் அமைந்தது: வாடகைக்கு எடுப்பவருக்கு வீட்டில் சொந்தக் கார் இருக்கும், அதற்கு அவர் எடுத்த காப்பீடு வாடகைக் காருக்கும் பொருந்தும் என்ற எண்ணத்தில்தான் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. கலிபோர்னியாவில் நான் கையெழுத்திட்ட ஒப்பந்தம், சட்டம் கட்டாயப்படுத்தினாலொழிய மூன்றாம் தரப்புப் பொறுப்பு எதையும் நிறுவனம் ஏற்காது என்று தெளிவாகவே சொல்கிறது. 2005ஆம் ஆண்டில் வந்த, கிரேவ்ஸ் திருத்தம் எனப்படும் கூட்டாட்சிச் சட்டமும், காரை வாடகைக்கு விட்டவர் என்ற ஒரே காரணத்துக்காக, ஓட்டியவர் செய்த விபத்துக்கு நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்குவதைத் தடுத்துவிட்டது. நியூயார்க் போன்ற மாநிலங்களில் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீட்டை நிறுவனமே காரோடு தருகிறது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறுவதால், ஓரிடத்து அனுபவத்தை இன்னோரிடத்தில் நம்பிப் போகக்கூடாது.

நமக்கு நேரக்கூடிய இழப்புகளைப் பிரித்துப் பார்த்தால் இரண்டு முக்கியமானவை. முதலாவது, வாடகைக் காருக்கு ஏற்படும் சேதம் அல்லது திருட்டு. இரண்டாவது, நாம் மோதியதால் அடுத்தவர் உடலுக்கும் உடைமைக்கும் ஏற்படும் பாதிப்பு. முதலாவது எவ்வளவு பெரிதானாலும் ஒரு காரின் விலையையும் சில கட்டணங்களையும் தாண்டிப் போகாது. இரண்டாவதற்கு உச்ச வரம்பே கிடையாது. இந்த நாட்டில் ஒருவர் எலும்பு முறிந்து சில நாட்கள் மருத்துவமனையில் இருந்தாலே செலவு எந்த அளவுக்குப் போகும் என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். அப்படியிருக்க, கவுன்டரில் இருந்தவர் முதலாவதைப் பற்றியே நீண்ட நேரம் எச்சரித்தார். கீறல், உடைந்த கண்ணாடி, திருட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். இரண்டாவதைப் பற்றி நானே கேட்ட பிறகுதான் வாய் திறந்தார். இந்தச் சேவையில் நான் காணும் பெருங்குறை இதுதான். காப்பீடு இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லும் வாடிக்கையாளரிடம் முதலில் பேச வேண்டியது இரண்டாவதைப் பற்றித்தான்.

அவர்கள் முதலில் விற்க முனைவது சி.டி.டபிள்யூ. அல்லது எல்.டி.டபிள்யூ. என்னும் சேதப் பொறுப்பு விலக்கு. சட்டப்படி இது காப்பீடே அன்று. காருக்குச் சேதம் நேர்ந்தால் உங்களிடம் பணம் கேட்கமாட்டோம் என்று நிறுவனம் தரும் உறுதி. இதை எடுத்தவர் சேதத்துக்காக எந்த இழப்பீட்டுக் கோரிக்கையும் பதியாமல் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்பது உண்மையான வசதி. ஆனால் ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினாலோ, குடித்துவிட்டு ஓட்டினாலோ இந்த உறுதி செல்லாது. எனவே நண்பரோ உறவினரோ சற்று நேரம் ஓட்டக்கூடும் என்றால் அவர் பெயரையும் முன்கூட்டியே சேர்த்துவிட வேண்டும்.

இதன் விலை நாளொன்றுக்கு 20 டாலருக்கு மேல், சில கார்களுக்கு 30 டாலரையும் தாண்டிப் போகிறது. அதே பாதுகாப்பைப் பல கிரெடிட் கார்டுகள் கூடுதல் கட்டணமின்றித் தருகின்றன. சேஸ் சஃபையர் பிரிஃபர்டு போன்ற சில கார்டுகள் முதல் பொறுப்பை ஏற்கின்றன, அதாவது சொந்தக் காப்பீட்டை முதலில் நாடச் சொல்லாமல் தாமே சேதச் செலவைக் கொடுக்கின்றன. மற்ற பல கார்டுகள் சொந்தக் காப்பீடு கொடுத்தது போக மீதியை மட்டும் தருவதாகச் சொன்னாலும், சொந்தக் காப்பீடே இல்லாதவருக்கு அவையும் பொதுவாக முதல் பொறுப்பையே ஏற்கின்றன. நமக்குச் சாதகமான இந்த விதியைக் கவுன்டரில் யாரும் சொல்வதில்லை. நிபந்தனைகள் உண்டு: வாடகை முழுவதையும் அந்தக் கார்டிலேயே செலுத்த வேண்டும், நிறுவனத்தின் சேதப் பொறுப்பு விலக்கை மறுத்திருக்க வேண்டும், குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் தொடர்ந்து கார் வைத்திருக்கக் கூடாது. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து எடுக்கும் பெரிய வேன்களையும் விலை மிகுந்த கார்களையும் பல கார்டுகள் விலக்கிவிடுகின்றன. யோசமிட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு பேராகப் போகிறவர்கள் இந்த ஒரு வரியைத் தவறாமல் படிக்க வேண்டும். எடுக்கும்போதும் திருப்பித் தரும்போதும் காரின் நான்கு பக்கங்களையும் படமெடுத்து வைப்பது நல்லது. பிறகு கோரிக்கை எழுந்தால் ஒப்பந்தம், பழுதுச் செலவின் விவரப்பட்டியல், கார்டு கணக்கு அறிக்கை ஆகியவற்றோடு அந்தப் படங்களும் உதவும்.

கார்டு தராத ஒன்று உண்டு, அதுவே இரண்டாவது இழப்புக்கான பாதுகாப்பு. நான் அறிந்தவரை, கிரெடிட் கார்டுகளின் வாடகைக் கார்ச் சலுகை மூன்றாம் தரப்புப் பொறுப்பைத் தொடுவதில்லை. சொந்தக் காப்பீடு இல்லாதவர் கவுன்டரில் வாங்க வேண்டியது எஸ்.எல்.ஐ. எனப்படும் கூடுதல் பொறுப்புக் காப்பீட்டைத்தான். நிறுவனத்தைப் பொறுத்து இதன் வரம்பு 3 லட்சம் டாலராகவோ 10 லட்சம் டாலராகவோ இருக்கும். விலை நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 முதல் 20 டாலர். கலிபோர்னியா 2025 ஜனவரி 1 முதல் கட்டாய மூன்றாம் தரப்புக் காப்பீட்டின் குறைந்தபட்ச வரம்புகளை உயர்த்தி, ஒருவர் காயத்துக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு 60,000 டாலர், உடைமைச் சேதத்துக்கு 15,000 டாலர் என்று வைத்திருக்கிறது. புதிய மின்சாரக் கார் ஒன்றின் மீது மோதினாலே அந்த 15,000 போதாமல் போகலாம். நான்கு நாள் பயணத்துக்குச் சேதப் பொறுப்பு விலக்கு நூறு டாலரைத் தாண்டும், எஸ்.எல்.ஐ. எழுபது எண்பது டாலரில் முடியும் என்று வைத்துக்கொண்டால், இரண்டில் ஒன்றுக்குத்தான் கையில் பணம் உண்டு என்பவர் தயங்காமல் எஸ்.எல்.ஐ.யை எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரில் இருப்பவர்களின் மருத்துவச் செலவுக்கும் உடைமைகளுக்குமாக விற்கப்படும் மற்ற இரண்டும் எனக்குத் தேவைப்படவில்லை. பயண மருத்துவக் காப்பீடு இல்லாமல் வந்திருக்கும் பெற்றோருக்கு அவற்றில் கிடைக்கும் சிறு தொகை எதற்கும் காணாது. அதற்குப் புறப்படும் முன்பே தனியாக ஏற்பாடு செய்வதே முறை.

அடிக்கடி கார் எடுப்பவர்களுக்கு, கார் இல்லாதவருக்கென்றே புரோகிரெசிவ், ஸ்டேட் ஃபார்ம் போன்ற நிறுவனங்கள் தரும் காப்பீடு மேலானது. அது மூன்றாம் தரப்புப் பொறுப்பை மட்டும் ஏற்கும், வாடகைக் காரின் சேதத்தை ஏற்காது. ஆகவே கார்டும் அதுவும் ஒன்றுக்கொன்று துணையாகிவிடும். பின்னாளில் கார் வாங்கும்போது காப்பீட்டு வரலாறு தொடர்ந்து இருப்பதும் பிரீமியத்தில் உதவும். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள், முன்பதிவு செய்யும்போது வசிக்கும் நாடு இந்தியா என்று உண்மைப்படி குறித்து, சேதப் பொறுப்பு விலக்கும் மூன்றாம் தரப்புக் காப்பீடும் அடங்கிய கட்டணம் கிடைக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். வெளிநாட்டவருக்கான அத்தகைய கட்டணம், கவுன்டரில் தனித்தனியாக வாங்குவதை விடப் பெரும்பாலும் மலிவு. இங்கே வசிப்பவர்கள் அப்படிக் குறித்தால் விபத்தின்போது அந்தப் பாதுகாப்பே மறுக்கப்படலாம்.

சில மணி நேர வேலைகளுக்கு ஜிப்காரைப் பயன்படுத்தலாம். உறுப்பினருக்கான மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டணத்திலேயே அடங்கியிருக்கிறது, வரம்பு மட்டும் குறைவு. தனியார் தம் காரையே வாடகைக்கு விடும் டூரோவில் எடுப்பவர்கள், பெரும்பாலான கிரெடிட் கார்டுகள் அதற்குப் பொருந்தாது என்பதால் அங்கேயே ஒரு பாதுகாப்புத் திட்டத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

நான் கார் எடுக்கும் நிறுவனத்துக்குக் காரின் தரத்திலும் வேகத்திலும் ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன், காப்பீட்டு விளக்கத்துக்கு இரண்டு மட்டுமே. எஸ்.எல்.ஐ.யை இணையத்தில் முன்பதிவின்போதே சேர்த்துவிட முடிகிறது என்பதால் தொடர்ந்து அங்கேயே எடுத்து வருகிறேன். முதன்முறை போகிறவர்கள் சாவியை வாங்கும் முன் ஒப்பந்தத்தின் கட்டண விவரத்தில் எஸ்.எல்.ஐ. சேர்ந்திருக்கிறதா, மறுத்த மற்றவை மறுத்ததாகவே பதிவாகியிருக்கின்றனவா என்று ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.