டெங்கு ரெஸ்ற் கிற் எண்டு 9,500 ரூபாய்க்குக் குப்பையை வித்துப்போட்டாங்கள் – யாழ்ப்பாணத்து ஆக்கள் கவனம்

மாரி துவங்கினாப் பிறகு பேஸ்புக்கைத் திறந்தா இந்த விளம்பரம்தான். நீங்களும் கண்டிருப்பியள். வீட்டில இருந்தே 15 நிமிசத்தில டெங்கு, கொறோனா, இன்புளுவென்சா மூண்டும் பாக்கலாமாம். அஞ்சு கிற் உள்ள குடும்பப் பொதி 9,500 ரூபாய். பேரைப் போட்டா வழக்கு கிழக்கு எண்டு இழுப்பாங்கள், அதால போடேல்லை. மருத்துவச் சாமான் விக்கிற ஒரு பக்கம், கடை கிடையாது, வட்ஸ்அப் நம்பர் மட்டும். இப்பிடியான கிற் வாங்கேக்க என்னென்ன பாக்கோணும் எண்டு கீழ விபரமா எழுதிறன். முதல் நடந்ததைக் கேளுங்கோ.

எங்கட ஒழுங்கையில டெங்கு. பக்கத்து வீட்டுப் பெடியன் பெரியாஸ்பத்திரியில கிடந்து வந்தவன். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து சிரட்டை, பூச்சாடித் தட்டு எல்லாத்தையும் கவிழ்த்துப்போட்டுப் போனவர். வீட்டில ரண்டு பிள்ளையள், வயது போன மாமி. அதுதான் அந்த நம்பருக்கு எடுத்தனான். கதைச்சது ஒரு பெடியன், நல்ல பவ்வியமான கதை. "அண்ணை, நாங்களும் கோண்டாவில்தான், எங்கட சனத்தை ஏமாத்துவமே? சரியில்லாட்டி அடுத்த நாளே காசு திருப்பித் தருவம். என்ர அம்மாவுக்கே இதாலதான் பாத்தனாங்கள்." அந்த அம்மா கதைதான் என்னை விழுத்தினது. அப்பிடி ஒரு அம்மா இருக்கிறாவோ எண்டதே இப்ப சந்தேகம்.

கொறியர்காரன் காசைக் கையில வாங்காமல் பெட்டியைத் திறக்க விடான். 9,500ஐ எண்ணிக் குடுத்து, அவன்ர மோட்டார்சைக்கிள் ஒழுங்கை தாண்டினாப் பிறகு திறந்து பாத்தா, அஞ்சும் பழைய கொறோனா அன்ரிஜன் கிற். மூக்குக்குள்ள விடுற பஞ்சுக் குச்சி இருக்கு, விரலில குத்திற ஊசி இல்லை. டெங்குக்குப் பாக்கிற என்எஸ்1 எண்டது இரத்தத்தில பாக்கிற சாமான். போன் எடுத்துக் கேட்டா, "இது புது மொடல் அண்ணை, மூக்கால எடுத்தாலே டெங்கும் காட்டும்" எண்டுறான். ஒரு வெக்கமும் இல்லை! பெட்டியில காலாவதித் திகதிக்கு மேல வெள்ளை ஸ்ரிக்கர், 2027 எண்டு. நகத்தால உரிச்சா கீழ 2023.

அண்டிரவே மகளுக்குக் காய்ச்சல் காஞ்சது. கொறோனாவையாவது பாப்பம் எண்டு மனுசி ஒண்டை உடைச்சா. ரெஸ்ற் வேலை செய்யுது எண்டு காட்டிற சி கோடும் இல்லை, வருத்தம் இருந்தா விழுற ரி கோடும் இல்லை. சி இடத்தில கோடு விழாட்டி அந்த ரெஸ்ற்றே செல்லாது, அதை நெகட்டிவ் எண்டு எடுக்கேலாது. மற்றதை உடைச்சாலும் அதே கதை. படம் எடுத்து அனுப்பினன். வந்த பதிலை அப்பிடியே போடுறன்: "கோடு இல்லாட்டி வருத்தம் இல்லை அண்ணை, சந்தோசப்படுங்கோ."

விடியக் கொண்டுபோய் லேப்பில இரத்தம் குடுத்தம். என்எஸ்1 பொசிட்டிவ். பிள்ளை வார்ட்டில கிடந்து, பிளேட்லெட் இறங்கி, இப்பதான் வீட்டை வந்திருக்கிறாள். அவன்ர கதையைக் கேட்டு ஆராவது சந்தோசப்பட்டுக்கொண்டு வீட்டில இருந்திருந்தா?

காசைக் கேக்க வெளிக்கிட்டாப் பிறகு பவ்வியம் எல்லாம் போட்டுது. முதல், "ஹெட் ஒபிஸ் கொழும்பில, சேரிட்டைக் கேட்டுச் சொல்லுறன்." பேந்து, "சேர் மீற்றிங்கில." அதுக்குப் பிறகு ஒரு பொம்பிளைப் பிள்ளை எடுத்து, மருத்துவச் சாமானை உடைச்சா திருப்பி எடுக்கிறேல்லை எண்டு சட்டம் படிப்பிக்குது. உடைக்காமல் கோடு விழுதோ இல்லையோ எண்டு எப்பிடித் தங்கச்சி பாக்கிறது? உடைக்காத மூண்டு கிடக்கு, அதுக்காவது காசைத் தாங்கோ எண்டன். நீலச் சரி விழுந்தது, பதில் இல்லை. இண்டைக்குக் காலமை புளொக் பண்ணிப்போட்டாங்கள். மனுசின்ர போனில அதே விளம்பரம் இப்பவும் ஓடுது, 8,900க்குக் கழிவாம். என்ர 9,500 போனது போனதுதான்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின்ர 1977 எண்ட நம்பருக்கு எடுக்கலாம் எண்டு இருக்கிறன். ஆனா கையில பில் இல்லை. கொறியர் துண்டில ஒரு போன் நம்பர் மட்டும்தான்.

சரி, வாங்கிறாக்களுக்கு. பாமசியில நேர போய் வாங்குங்கோ, பில்லைக் கேட்டு எடுங்கோ. பெட்டியை மட்டும் பாக்காதேங்கோ, உள்ளுக்க இருக்கிற பையிலயும் திகதி இருக்கோணும். மூக்குக் குச்சியால டெங்கு பாக்கலாம் எண்டு ஆராவது சொன்னா போனை வையுங்கோ. நல்ல கிற் நெகட்டிவ் காட்டினாலும் டெங்கு இல்லை எண்டு முடிவெடுக்கேலாது, காய்ச்சல் விடாமல் இருந்தா டொக்டரிட்டைப் போய் எஃப்பிசி எண்ட இரத்தக் கல எண்ணிக்கை பாக்கிற ரெஸ்ற்றை எடுங்கோ. பரசிற்றமோல் தவிர வேற நோக்குளிசை குடுக்காதேங்கோ. காய்ச்சல் விடுற நேரம்தான் கூடக் கவனம் எண்டு வார்ட்டில சொன்னவை.

இன்னும் எழுத இருந்தது, கை நடுங்குது, ஏலாது. அந்த விளம்பரம் உங்களுக்கு வந்தா ரிப்போட் அடிச்சு விடுங்கோ.