‘உடையாது’ என்று விற்கப்படும் பல்செட்: பணம் கட்டுமுன் இதைப் படியுங்கள்

அம்மாவுக்கு மேல் வரிசையில் ஒரு பல்கூட மிச்சமில்லை. கீழே முன்பற்கள் இருக்கின்றன. பல்செட் செய்ய எங்கள் ஊர்த் தனியார் பல் மருத்துவமனை ஒன்றுக்குப் போனோம். சாதாரண அக்ரிலிக் (ஒருவகைப் பிளாஸ்டிக்) செட் 9,000 ரூபாய், வளையும் ‘வெளிநாட்டு’ செட் 32,000 ரூபாய் என்றார்கள். அக்ரிலிக் பழைய சரக்காம். வளையும் செட் அதைவிடப் பல மடங்கு கடினமானதாம். கீறல் விழாது, தேயாது, ஆயுளுக்கும் ஒன்று போதுமாம். அதை நிரூபிப்பதாகச் சொல்லி பல் பதிக்கும் மாதிரித் தகட்டை மடித்துக் காட்டினார்கள், தரையில் வீசிக் காட்டினார்கள். இப்படி மடிகிற பொருள் எப்படிக் கடினமாக இருக்கும் என்று கேட்டேன். “அதுதான் சார் டெக்னாலஜி” என்று பதில் வந்தது.

நம்பி அதையே வாங்கினோம். ஆறு மாதம் ஆவதற்குள் தகட்டின் பளபளப்பு போய்ச் சொரசொரப்பு வந்துவிட்டது. குழம்பின் மஞ்சள் ஏறி நின்றது, கழுவினாலும் வாடை போகவில்லை. மெல்லும்போதெல்லாம் தகடு வளைந்து ஈறில் ஒரே இடத்தை அழுத்தியதால் அங்கே புண். பிறகு ஒரு பல் கழன்று சோற்றோடு வந்தது. கொண்டுபோய்க் காட்டியதும், “பற்பசை போட்டுத் தேய்த்தீர்களா? கீறல் விழத்தான் செய்யும்” என்றார்கள். கீறலே விழாது என்று பணம் வாங்கியவர்கள்தான்!

அரசு பல் மருத்துவக் கல்லூரி ஒன்றில் காட்டிய பிறகுதான் விஷயம் முழுதாகப் புரிந்தது. அம்மாவின் செட் நைலான். கடினத்தன்மையை அளக்க விக்கர்ஸ் சோதனை என்று ஒன்று உண்டு. வைர முனையை ஒரு குறிப்பிட்ட விசையில் பொருளின் மீது அழுத்தி, விழுந்த பள்ளத்தை நுண்ணோக்கியில் அளப்பார்கள். பள்ளம் சிறிதாக இருந்தால் எண் பெரிதாக வரும். நம் பல்லின் எனாமல் 300-க்கு மேல். வெப்பத்தில் இறுக்கிய அக்ரிலிக் ஏறத்தாழ 20. நைலான் அதற்கும் கீழே. கீழே விழுந்தால் உடையாது என்பது உண்மைதான், ஆனால் அது நைலான் மென்மையாக, வளைந்து கொடுப்பதாக இருப்பதால் வருவது. அந்த மென்மையைக் காட்டியே ‘கடினம்’ என்று விற்றிருக்கிறார்கள்.

தொல்லை அதோடு நிற்கவில்லை. பல்லில்லாத ஈறு நாளடைவில் சுருங்கும். அப்போது அக்ரிலிக் தகடாக இருந்தால் உள்பக்கம் ஒரு படலம் சேர்த்துப் பொருத்தமாக்கிவிடலாம். நைலானில் அந்தப் படலம் சரியாக ஒட்டாது. பல்லும் அதில் வேதியியல் முறையில் ஒட்டுவதில்லை. அடியில் துளையிட்டுப் பூட்டி வைப்பதுதான். அம்மாவுக்குப் பல் கழன்ற காரணம் அது. அக்ரிலிக் ஒவ்வாமை உள்ளவர்களுக்கும், ஒன்றிரண்டு பல் மட்டும் கட்டுபவர்களுக்கும் நைலான் உதவும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அம்மாவுக்குத் தேவைப்பட்டது முழுத் தகடு.

சண்டை போட்டதும் மருத்துவமனை ஒரு ‘தீர்வு’ சொன்னது. இன்னும் 15,000 கட்டினால் புதுத் தகட்டில் பீங்கான் பல் வைத்துத் தருவார்களாம். அதுதான் இருப்பதிலேயே கடினமாம். பீங்கான் கடினமானது என்பது சரி, விக்கர்ஸ் எண் 400-ஐத் தாண்டும். ஆனால் அதை மேலே வைத்தால் கீழே இருக்கும் அம்மாவின் சொந்தப் பற்களை அரம்போல் அராவிவிடும். கடிக்கும்போது டக் டக் என்று சத்தமும் வரும். வாயைத் திறந்து பார்க்காமலேயே இதைப் பரிந்துரைத்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

1930-களின் இறுதியிலிருந்து உலகெங்கும் பல்செட்டுக்குப் பயன்பட்டுவரும் அந்தப் ‘பழைய சரக்கு’ அக்ரிலிக்கில், பிசின் (பிளாஸ்டிக்) பல் வைத்து, கல்லூரியிலேயே புதிதாகச் செய்துகொண்டோம். அம்மா இப்போது முறுக்கைத் தவிர மற்றதெல்லாம் சாப்பிடுகிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டால், “ரசீதில் ‘பல்செட் - 1’ என்று மட்டும்தான் இருக்கிறது, என்ன பொருள் என்று நாங்கள் எழுதித் தரவில்லையே” என்கிறார்கள் மருத்துவமனையில். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். நீங்கள் முன்பணம் கட்டுமுன் தகடு என்ன பொருள், அக்ரிலிக் என்றால் வெப்பத்தில் இறுக்கியதா தானே இறுகுவதா, பல் பிசினா பீங்கானா, ஈறு சுருங்கினால் உள்பக்கம் திருத்தித் தர முடியுமா என்பதையெல்லாம் ரசீதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். எழுத மறுத்தால் வேறு இடம் பாருங்கள்.