மலிவு விலை கிறிஸ்தவ கவுன்சலிங் பட்டம்: யாருக்கு உதவும், யாருக்கு உதவாது?

அமெரிக்காவில் கிறிஸ்தவ கவுன்சலிங் படிக்க நினைத்து இணையத்தில் தேடுகிறவருக்கு முதலில் உறைப்பது விலை வித்தியாசம்தான். முதுகலைப் பட்டம் முழுவதையும் இரண்டாயிரம் டாலருக்குள் முடித்துவிடலாம் என்று சொல்லும் பைபிள் கல்லூரிகள் ஒரு பக்கம். 60 கிரெடிட் (படிப்பை அளக்கும் அலகு) படிக்கச் சொல்லும் பல்கலைக்கழகங்கள் மறுபக்கம். கிரெடிட்டுக்கு 500 டாலர் என்று வைத்தாலே அங்கே 30,000 டாலர் ஆகிவிடும். வேலை, குடும்பம், சபை ஊழியம் எல்லாவற்றுக்கும் நடுவில் படிக்க ஆசைப்படுகிறவர் மலிவான பக்கம் சாய்வதில் தப்பே இல்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு யார் முன்னால் உட்காரப் போகிறோம் என்பதை முடிவு செய்தாக வேண்டும்.

முதலில் அங்கீகாரம். அமெரிக்க அரசு கல்லூரிகளுக்கு நேரடியாக அங்கீகாரம் தருவதில்லை. தனி அமைப்புகள் தருகின்றன. அந்த அமைப்புகள் நம்பத்தக்கவையா என்பதை அமெரிக்கக் கல்வித்துறையும், சிஹெச்இஏ என்ற உயர்கல்வி மன்றமும் பார்க்கின்றன. இறையியல் வட்டாரத்தில் ஏடிஎஸ், ஏபிஹெச்இ, ட்ராக்ஸ் ஆகியவை அப்படி ஏற்கப்பட்டவை. தொலைநிலைக் கல்விக்கு டிஈஏசி உண்டு. ஒரு கல்லூரியின் தளத்தில் 'முழு அங்கீகாரம் பெற்றது' என்று இருந்தால், கொடுத்தது யார் என்று பாருங்கள். அந்தப் பெயர் கல்வித்துறையின் பட்டியலிலோ சிஹெச்இஏ பட்டியலிலோ இல்லையென்றால், அந்த வரிக்கு மதிப்பில்லை. கேட்பதற்குப் பெரிதாக ஒலிக்கும் பெயரில் ஒரு அமைப்பைத் தொடங்கி, அது தரும் சான்றிதழைக் காட்டி மாணவர்களைச் சேர்க்கும் இடங்களும் இருக்கின்றன.

'மாநில அரசு அனுமதித்தது' என்ற வரியும் அப்படித்தான். ஃப்ளோரிடா போன்ற மாநிலங்கள் சமயக் கல்லூரிகளுக்கு உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு அளிக்கின்றன. அதற்கு ஃப்ளோரிடா வைக்கும் நிபந்தனைகளில் ஒன்று, பட்டத்தின் பெயரிலேயே அது சமயப் பட்டம் என்று தெரிய வேண்டும் என்பது. விலக்கு என்றால் அரசு அந்தப் பாடத்தைப் பரிசோதித்துத் தரச்சான்று கொடுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அரசு தலையிடவில்லை, அவ்வளவுதான்.

இதை வைத்து அங்கீகாரமில்லாத கல்லூரிகள் எல்லாமே போலி என்று சொல்லிவிட முடியாது. அது அநியாயம். செலவு காரணமாகவோ, கொள்கை காரணமாகவோ அங்கீகாரம் கேட்காமல், நேர்மையாகப் பாடம் நடத்தும் சின்னக் கல்லூரிகள் உண்டு. 'எங்களுக்கு அங்கீகாரம் இல்லை, இந்தப் பட்டம் கவுன்சலர் உரிமத்துக்கு உதவாது' என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கும் கல்லூரி மேல் எனக்கு மரியாதை உண்டு. அதைச் சொல்லாமல் மழுப்பும் இடத்தில்தான் பயப்பட வேண்டும்.

சரி, எந்த வேலைக்கு எது? சபைக்குள் மட்டும் ஆலோசனை சொல்லப் போகிறீர்கள் என்றால், பெரும்பாலான மாநிலங்களில் போதகரின் ஊழியத்துக்கு உட்பட்ட ஆலோசனைக்கு உரிமமே தேவையில்லை. அதாவது, சட்டப்படி உங்களுக்குப் பட்டமே வேண்டாம். வெளியே கவுன்சலராக அலுவலகம் திறந்து கட்டணம் வாங்க வேண்டுமென்றால் மாநில உரிமம் வேண்டும். அதற்கு அங்கீகாரமில்லாத மலிவுப் பட்டத்தை ஏற்க மாட்டார்கள். ஒரு இடத்தில் தேவையே இல்லாத, இன்னொரு இடத்தில் செல்லவே செல்லாத காகிதத்துக்குத்தான் காசு கட்டுகிறோம். என் முக்கியமான ஆட்சேபம் இதுதான்.

சபைக்குள் ஊழியம் செய்கிறவருக்கு, பட்டத்தைவிடச் சான்றிதழ்ப் பயிற்சி நல்லது என்பது என் அபிப்பிராயம். 1968-இல் தொடங்கிய சிசிஈஎஃப் என்ற வேதாகம ஆலோசனைப் பயிற்சி அமைப்பு இணையவழியில் பாடங்கள் நடத்துகிறது. 1976-இல் வேறொரு பெயரில் தொடங்கி இன்று ஏசிபிசி என்று அழைக்கப்படும், வேதாகம ஆலோசகர்களுக்குச் சான்றிதழ் தரும் அமைப்பில், அடிப்படைப் பயிற்சி, எழுத்துத் தேர்வுகள், அப்புறம் ஒரு மூத்த ஆலோசகரின் மேற்பார்வையில் 50 மணி நேர ஆலோசனை என்று மூன்று கட்டம். இதுவும் உரிமம் இல்லைதான். ஆனால் உங்கள் உரையாடலை ஒருவர் கவனித்து, 'இங்கே அவசரப்பட்டுவிட்டீர்கள், அவர் பேசி முடிக்கும் முன் வசனம் சொல்லிவிட்டீர்கள்' என்று திருத்துகிறார். மலிவுப் பட்டங்கள் பலவற்றில் இந்தத் திருத்தம் கிடையாது. புத்தகம் படித்து, கேள்விக்குப் பதில் எழுதி அனுப்பினால் போதும்.

இந்த வித்தியாசம் எங்கே தெரியும் என்றால், ஆராதனை முடிந்த பிறகு ஒரு பெண் வந்து, 'பாஸ்டர், எனக்கு வாழவே பிடிக்கவில்லை' என்று சொல்லும்போது. பயிற்சி இல்லாதவர் பதறிப்போய், 'அப்படியெல்லாம் பேசக் கூடாது' என்று சொல்லி உடனே ஜெபிக்க ஆரம்பித்துவிடுவார். பயிற்சி பெற்றவர், 'தற்கொலை செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா?' என்று நேராகக் கேட்பார். அப்படிக் கேட்பதால் புதிதாக அந்த எண்ணம் விதைக்கப்படுவதில்லை. எப்படிச் செய்யலாம் என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் வீட்டில் இருக்கிறதா என்று கேட்பார். அவரைத் தனியே விடமாட்டார். அமெரிக்காவில் 2022 ஜூலை முதல் இயங்கும் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணை அவரோடு சேர்ந்தே அழைப்பார். ஜெபமும் செய்வார். இதைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம். ஆனால் கை நடுங்காமல் செய்ய, யாராவது பக்கத்தில் இருந்து பழக்கியிருக்க வேண்டும்.

உரிமம் பெற விரும்புகிறவருக்குக் குறுக்குவழி எதுவும் இல்லை. கேக்ரெப் என்பது கவுன்சலிங் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு. அதன் அங்கீகாரம் பெற்ற முதுகலைப் படிப்பில் 60 கிரெடிட்டோடு, 100 மணி நேர முதற்கட்டச் செய்முறைப் பயிற்சியும் 600 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் உண்டு. படித்து முடித்தபின் தேர்வும், மாநிலத்தைப் பொறுத்து ஆயிரக்கணக்கான மணி நேர மேற்பார்வைப் பணியும் இருக்கின்றன. நீண்ட பாதைதான். ஆனால் லிபர்ட்டி போன்ற கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களிலேயே கேக்ரெப் அங்கீகாரத்தோடு படிக்க முடியும். விசுவாசத்தையும் தொழில் பயிற்சியையும் சேர்த்தே கற்கலாம். அங்கீகாரமுள்ள கல்லூரியில்தான் மத்திய அரசின் கல்விக் கடன் கிடைக்கும். விலையை ஒப்பிடும்போது இதை மறந்துவிடுகிறோம். மலிவுக் கல்லூரியில் பெற்ற கிரெடிட்டைப் பின்னால் இங்கே கொண்டுவந்து கழிக்கவும் பெரும்பாலும் முடியாது. இரண்டாயிரம் டாலரில் தொடங்கி, அப்புறம் மனம் மாறினால், முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

மருத்துவமனைச் சேப்லின் (நோயாளிகளுக்கு ஆன்மிக ஆதரவு தரும் ஊழியர்) ஆக ஆசை என்றால் வழி வேறு. சிபிஈ என்னும் களப்பயிற்சி அங்கே முக்கியம். ஒரு யூனிட் 400 மணி நேரம். முழுச் சான்று பெற நான்கு யூனிட்டும், அங்கீகாரமுள்ள முதுகலைப் பட்டமும் கேட்பார்கள். அங்கேயும் மலிவுப் பட்டம் செல்லாது.

அப்படியானால் அந்தப் பட்டம் யாருக்குத்தான்? வேதத்தையும் மனித மனதையும் சேர்த்து ஒழுங்காகப் படிக்க ஆசை, பட்டப்பெயரைப் போட்டுக்கொள்ளும் எண்ணம் இல்லை, பாடத்திட்டத்தையும் ஆசிரியர்களையும் பார்த்தாயிற்று, நேர்மையான கல்லூரி என்றும் தெரிகிறது என்றால் படிக்கலாம். ஆசிரியர்கள் எங்கே பட்டம் வாங்கினார்கள் என்று மட்டும் பாருங்கள். எல்லோருமே அதே கல்லூரியில் வாங்கியிருந்தால் விலகிவிடுங்கள். ஊழிய அனுபவத்தையே கணக்கில் எடுத்து சில மாதத்தில் டாக்டர் பட்டம் தருகிறோம் என்பவர்களிடம் பேச்சையே வளர்க்க வேண்டாம். தனியார் சங்கங்கள் தரும் 'லைசென்ஸ்' அட்டையும் மாநில உரிமமும் ஒன்றல்ல.

ஏற்கெனவே இந்தப் பட்டத்தை வாங்கிவிட்டவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. விசிட்டிங் கார்டிலிருந்து 'டாக்டர்', 'கவுன்சலர்' இரண்டையும் எடுத்துவிட்டு, 'சபை ஆலோசனை ஊழியர்' என்று போட்டுக்கொள்ளுங்கள். முதல் சந்திப்பிலேயே, 'நான் உரிமம் பெற்றவர் இல்லை, இன்னின்ன விஷயத்துக்கு வேறொருவரிடம் அனுப்புவேன்' என்று எழுதிக் கையில் கொடுங்கள். அப்படி அனுப்புவதற்கு, உரிமம் பெற்ற இரண்டு கவுன்சலர்களிடம் இந்த வாரமே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.