மாங்கூழ் ஆலை சர்வரில் சிஎச்மாட்: சில சீசன் ஓட்டிய பிறகு

கிருஷ்ணகிரிப் பக்கத்து மாங்கூழ் ஆலை அலுவலகம். கணக்கு, ஆய்வகம், டெஸ்பாட்ச் மூன்றுக்கும் ஒரே லினக்ஸ் சர்வர். தோத்தாபுரி வரத்து தொடங்கினால் தற்காலிக ஆட்கள் வருவார்கள். 'பர்மிஷன் டினைட்' புகாரும் கூடவே வரும்.

கோப்பை யார் படிக்கலாம், எழுதலாம், இயக்கலாம் என்று எண்ணால் சொல்லும் கட்டளைதான் சிஎச்மாட். மூன்று இலக்கமும் வரிசையாக உரிமையாளர், குழு, மற்றவர்; படிக்க 4, எழுத 2, இயக்க 1 என்று கூட்டிக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் எல்லாம் என்று 777 போட்டால் புகார் நிற்கும். ஏற்றுமதி பில்லை யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்ற நிலையும் அப்போதே வந்துவிடும். அதையே சூடோவோடு (ரூட் என்னும் நிர்வாகி அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) ஈடிசி என்னும் அமைப்புக் கோப்புறையில் ஓட்டினால், சூடோ யாருக்கு என்று சொல்லும் சூடோயர்ஸ் கோப்பை எல்லோரும் எழுதலாம் என்று கண்டு சூடோவே மக்கர் செய்யும்.

எங்களிடம் நிலைத்தது இதுதான்: பிரிவுக்கு ஒரு குழு, கோப்புறைக்கு 2770, கோப்புக்கு 660. முன்னால் நிற்கும் 2 இருந்தால் உள்ளே உருவாகும் கோப்பு கோப்புறையின் குழுவிலேயே பிறக்கும். உள்ளே இருப்பவை எல்லாவற்றுக்கும் மொத்தமாக -ஆர் போட்டு 770 கொடுக்காதீர்கள், எக்செல் ஷீட்டுக்கெல்லாம் இயக்கும் அனுமதி ஏறிவிடும். ஃபைண்ட் கட்டளையில் டி (கோப்புறை), எஃப் (கோப்பு) வகைகளைப் பிரித்து ஓட்டுங்கள். குழுவில் புதிதாகச் சேர்த்தவர் லாக்அவுட் செய்து திரும்ப வரும்வரை எதுவும் மாறாது.

இவ்வளவு செய்தும் புகார் வந்தால் எண்ணைத் தொடாமல் கோப்பு எப்படி வந்தது என்று பாருங்கள். புதுக் கோப்பில் எந்த அனுமதியைக் கழிப்பது என்று சொல்லும் யுமாஸ்க் 022 என்றால் புதுக் கோப்பு 644 ஆகும், குழுவினர் எழுத முடியாது; 002 வேண்டும். எம்வி கொண்டு நகர்த்திய கோப்பு பழைய குழுவையும் அனுமதியையும் சுமந்தே வரும். சிபி கொண்டு நகலெடுத்தால் குழுத் தொல்லை இல்லை, ஆனால் அனுமதி மூலக் கோப்பினுடையதில் யுமாஸ்க் கழித்ததுதான். விண்டோஸ் கணினியிலிருந்து சாம்பா (கோப்புப் பகிர்வு மென்பொருள்) வழியாக வருவதற்கு அதன் அமைப்பில் கிரியேட் மாஸ்க் 0660 தேவை. இயல்பாக இருப்பது 0744. எக்ஸ்ஃபேட் வடிவப் பென்டிரைவில் சிஎச்மாட் எடுபடாது, மவுண்ட் செய்யும்போதே அனுமதியைச் சொல்ல வேண்டும்.

கோப்பை 440 ஆக்கியும் அழிந்துபோகிறதே என்பார்கள். அழிப்பது கோப்புறையின் எழுதும் அனுமதியைச் சேர்ந்தது. கோப்புறையை 3770 ஆக்கினால் கோப்பின் உரிமையாளரும் கோப்புறையின் உரிமையாளரும் ரூட்டும் மட்டுமே அழிக்கலாம்.

ஆய்வக அறிக்கையை டெஸ்பாட்ச் படிக்க மட்டும் வேண்டும் என்றால் சிஎச்மாட் போதாது, குறிப்பிட்ட ஆளுக்கோ குழுவுக்கோ தனி அனுமதி தரும் செட்எஃப்ஏசிஎல்தான். இனி வரும் கோப்புகளுக்கும் அது பொருந்த டீஃபால்ட் விதியும் சேர்த்தே போடுங்கள். அதன்பின் எல்எஸ் -எல் பட்டியலில் '+' தெரியும். குழு இடத்தில் காண்பது மாஸ்க், அதாவது அந்தத் தனி அனுமதிகளுக்கு உச்சவரம்பு. பழக்கதோஷத்தில் அங்கே சிஎச்மாட் 700 அடித்தால் மாஸ்க் சுருங்கி, கொடுத்த அனுமதி எல்லாம் செல்லாமல் போகும்.

சிஎச்மாட்டுக்கு அன்டூ கிடையாது. பெரிய மாற்றத்துக்கு முன், இருக்கும் அனுமதிகளைப் பட்டியலிடும் கெட்எஃப்ஏசிஎல் -ஆர் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்தால், செட்எஃப்ஏசிஎல் ரீஸ்டோர் மூலம் பழையபடி வைத்துவிடலாம்.