கார்ட்ரிட்ஜ் ஊசி வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு: “எல்லாம் ஒரே ஊசிதான்” என்றால் நம்பாதீர்கள்

பழைய ரெக்கார்டுகளைத் தூசி தட்டி மறுபடி கேட்க ஆரம்பித்தவர்கள் மலையகத்தில் இப்போது பலர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கண்டியில் ஒரு கடையில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

ரெக்கார்ட் பிளேயரின் கை நுனியில் ஊசியைத் தாங்கி, அதன் அசைவை மின் சமிக்ஞையாக மாற்றும் சின்னப் பாகம்தான் கார்ட்ரிட்ஜ். என்னுடையது ஆடியோ-டெக்னிக்கா கம்பெனியின் விஎம்95இ என்ற மாடல். அதன் பச்சை ஊசி தேய்ந்துவிட்டதால், அதே ஊசி வேண்டும் என்று ஹட்டனிலிருந்து பஸ் ஏறிப் போனேன். கடைக்காரர் கார்ட்ரிட்ஜை உள்ளே எடுத்துப் போய், புது ஊசியை மாட்டியே கொண்டுவந்தார். பெட்டி எங்கே என்றேன். “மொத்தமா வர்றதுண்ணே, பெட்டி கெடையாது. ஒரிஜினல்தான்.” பழைய ஊசி? “அது குப்பைக்குப் போயிருச்சு.” வாங்கியது அசல் ஊசியின் விலை. பில்லில் எழுதியது “ஊசி - 1”. பிராண்டும் இல்லை, மாடலும் இல்லை.

வீட்டுக்கு வந்து ரெக்கார்டைப் போட்ட உடனேயே வித்தியாசம் தெரிந்தது. பாடகியின் ‘ச’ எல்லாம் ‘ஷ்’ என்று சிதறியது. வயலின் கூட்டமாக வரும் இடங்களில் தனித்தனி வில் கேட்கவில்லை, ஒரே இரைச்சல். இடது பக்கம் ஒலி குறைவு. முதல் பாட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கலாம், கடைசிப் பாட்டைக் கேட்கவே முடியாது.

தொலைபேசியில் கேட்டால், “ஊசி எல்லாம் ஒண்ணுதாண்ணே, எடையை நாலு கிராமுக்குக் கூட்டுங்க, சரியாயிரும்” என்கிறார். இதுதான் எனக்குப் பெரிய கோபம். எடை என்பது ஊசி ரெக்கார்டை அழுத்தும் பாரம். அந்த ஊசிக்குக் கம்பெனி சொல்லும் எடை 2 கிராம், வரம்பு 1.8 முதல் 2.2 வரை. நாலு கிராம் வைத்தால் போவது ஊசி மட்டுமல்ல, ரெக்கார்டில் பாட்டு பதிந்திருக்கும் பள்ளமும்தான். வேறு ஊசி வாங்கிக்கொள்ளலாம், அந்த ரெக்கார்டுகளை எங்கே போய் வாங்குவது?

ஊசி எல்லாம் ஒன்றல்ல. என்னுடையது மாதிரி மூவிங் மேக்னட் (காந்தம் அசையும்) வகை கார்ட்ரிட்ஜில் உடலுக்குள் இருப்பது கம்பிச்சுருள். காந்தம் இருப்பது ஊசியோடு கழன்று வரும் பாகத்தில். அதே பாகத்தில்தான் வைர முனை, அதைத் தாங்கும் மெல்லிய தண்டு, தண்டைப் பிடித்திருக்கும் ரப்பர் எல்லாம் இருக்கின்றன. ஆக, ஊசியை மாற்றும்போது கார்ட்ரிட்ஜின் பாதியையே மாற்றுகிறோம். காந்தம் பலவீனமாக இருந்தால் ஒலி குறையும். தண்டு கனமாக இருந்தால் மேல் ஸ்வரங்கள் மங்கும். ரப்பர் இறுகிப்போயிருந்தால் பாஸ் மாறும், ஊசி பள்ளத்தில் ஒழுங்காக ஓடாது. பொருந்துகிறது என்பதற்காக அது அதே ஊசி ஆகிவிடாது.

கடைசிப் பாட்டு ஏன் அதிகம் கெடுகிறது என்றால், நிமிடத்துக்கு 33 சுற்று வேகத்தில் சுற்றும் எல்.பி. என்ற பெரிய ரெக்கார்டின் வெளி ஓரத்தில், ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஓடும். லேபிளுக்குப் பக்கத்தில் அது 20ஐ ஒட்டி வந்துவிடும். அதே ஒரு நொடிப் பாட்டு அங்கே குறைந்த இடத்துக்குள் நெருக்கி எழுதப்பட்டிருக்கும். வட்டமுனை ஊசி அந்த நெருக்கத்துக்குள் நுழையத் திணறும், நீள்வட்ட முனை ஓரளவு சமாளிக்கும், மைக்ரோலைன் என்ற மிக நுண்ணிய முனை நன்றாகவே படிக்கும்.

டவுனில் கடிகாரம் திருத்துகிற அண்ணனிடம் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். வைரம் நேராக நிற்கவில்லை, ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அடியைச் சுற்றிப் பசை வழிந்து கட்டி தட்டியிருந்தது. தண்டும் நடுவில் இல்லை. முனை வட்டமா நீள்வட்டமா என்று அந்த லென்ஸில் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அது ஒழுங்கான தொழிற்சாலையில் தேறி வந்த ஊசி இல்லை என்பதைச் சொல்ல அவ்வளவே போதும். அண்ணனும் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

அப்புறம் கொழும்பிலிருந்து, சீல் உடைக்காத பெட்டியில், அதே உடலில் பொருந்துகிற மைக்ரோலைன் ஊசியை வரவழைத்தேன். சிவப்பு நிறம். விஎம்95 வரிசையில் எந்த ஊசியையும் எந்த உடலிலும் மாட்டலாம், அது அந்தக் கம்பெனி செய்த நல்ல காரியம். அதே கார்ட்ரிட்ஜ், அதே பிளேயர், அதே ரெக்கார்ட். ‘ச’ ‘ச’வாகவே கேட்டது. கடைசிப் பாட்டில் வயலின்கள் பிரிந்து நின்றன, தபேலாவில் விரல் படுவது வரை கேட்டது.

நீங்கள் போனால் மூடிய பெட்டியைக் கண்ணால் பாருங்கள், உங்கள் கண் முன்னால் மாட்டச் சொல்லுங்கள், பழைய ஊசியைக் கையோடு வாங்கி வாருங்கள். பில்லில் பிராண்டும் மாடலும் இருக்கட்டும். “ஒரிஜினல் ஷூர் ஊசி” என்று யாராவது நீட்டினால் இன்னும் கவனம். ஷூர் கம்பெனி 2018இல் கார்ட்ரிட்ஜ் தொழிலையே விட்டுவிட்டது. இப்போது கிடைப்பது பழைய இருப்பு, இல்லாவிட்டால் வேறு கம்பெனி செய்தது. ஜப்பானின் ஜிகோ மாதிரி நல்ல கம்பெனிகளும் அதில் உண்டு, ஆனால் அதை அந்தப் பெயரிலேயே விற்க வேண்டும்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு எழுதியிருக்கிறேன், 1977 என்ற இலக்கத்திலும் பேசலாம். முடிவு வரும்வரை கடையின் பெயரை இங்கே போடப் போவதில்லை. ஹட்டன், தலவாக்கலை, கொட்டகலைப் பக்கம் யாராவது அண்மையில் ஊசி மாற்றி, சத்தம் மாறிவிட்டது என்று சந்தேகப்பட்டால், ரெக்கார்டு மேல் வைக்காமல் என்னிடம் கொண்டு வாருங்கள், லென்ஸில் பார்த்துச் சொல்கிறேன்.