வீட்டு ஆர்.சி.சி.பி.: பல மழைக்காலங்கள் கண்ட பிறகு

எங்கள் மெயின் போர்டில் 40 ஆம்பியர், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று பல ஆண்டுகளாக இருக்கிறது. மின்சாரம் எர்த்துக்கு ஒழுகினால் தானாக 'விழுந்து' இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அது. "அது சும்மா சும்மா விழும் சார், எடுத்துவிடுங்கள்" என்று வருகிற எலக்ட்ரீஷியன்கள் எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். அது விழுந்தபோதெல்லாம் தேடியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு காரணம் அகப்பட்டது.

ஃபேஸில் போகும் மின்னோட்டம் நியூட்ரலில் அப்படியே திரும்புகிறதா என்று பார்ப்பதுதான் அதன் ஒரே வேலை. குறைந்தால், மிச்சம் எங்கோ எர்த்துக்கு ஒழுகுகிறது என்று பொருள். ஒழுக்கு 15 மில்லி ஆம்பியர் வரை இருந்தால் விழக் கூடாது, 30-இல் விழுந்தே ஆக வேண்டும் என்பது தர விதி.

எங்களை அதிகம் அலைக்கழித்தது கீசர். சுவிட்சை அணைத்திருந்தும், போர்வெல் மோட்டார் ஓடும்போது ஆர்.சி.சி.பி. விழுந்தது. மோட்டார் கேபிளைத்தான் எல்லாரும் சந்தேகித்தோம். கீசரின் பிளக்கைப் பிடுங்கியதும் நின்றுவிட்டது! சுவிட்ச் ஃபேஸை மட்டுமே துண்டிக்கிறது. எலிமென்ட் பழுதாகி அதன் நியூட்ரல் பக்கம் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. மோட்டாரின் மின்னோட்டத்தில் ஒரு பங்கு அந்த வழியே நழுவியிருக்கிறது. எலிமென்ட்டை மாற்றியதோடு தொல்லை தீர்ந்தது.

அடுத்தது இன்வெர்ட்டர். அதற்கு ஃபேஸை ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் எடுத்துவிட்டு, அறைகளின் நியூட்ரலை ஆர்.சி.சி.பி.க்குப் பின்னால், எல்லா நியூட்ரல்களும் சேரும் பொது லிங்க்கில் முறுக்கியிருந்தார்கள். அப்படிச் செய்தால் விளக்கைப் போட்டதும் விழத்தான் செய்யும். நியூட்ரலைத் தனியாகப் பிரித்தோம். மின்வெட்டில் இன்வெர்ட்டர் தரும் மின்சாரம் மெயின் ஆர்.சி.சி.பி. வழியாக வருவதில்லை என்பதால், அதன் அவுட்புட்டிலும் ஒன்று பொருத்தினோம்.

குறை என்றால், வீடு முழுவதற்கும் ஒன்றே ஒன்று வைத்த ஏற்பாடுதான். வெளிச்சுவர் பிளக் பாயின்ட்டில் மழைநீர் இறங்கினாலும் ஃபிரிட்ஜ் நின்றுபோகும். ஊரில் இல்லாத நாட்களில் அப்படி நடந்து, வந்து கதவைத் திறந்தபோது அடித்த நாற்றத்தை இங்கே விவரிக்க வேண்டாம். இப்போது வெளி பாயின்ட், மோட்டார், கீசர் ஒரு பக்கம். ஃபிரிட்ஜும் அறைகளும் மறுபக்கம். இரண்டுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி. செலவு கூடுதல்தான், ஆனால் புது வீடு கட்டுகிறவர்கள் தொடக்கத்திலேயே பிரித்துவிடுவது நல்லது.

ஆர்.சி.சி.பி. இருக்கிறதே என்று, மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் எம்.சி.பி.யை விட்டுவிடாதீர்கள். ஓவர்லோடையும் ஷார்ட் சர்க்யூட்டையும் ஆர்.சி.சி.பி. கவனிக்காது. ஒரு கை ஃபேஸிலும் மறு கை நியூட்ரலிலும் பட்டு, எர்த்துக்கு ஒழுக்கு இல்லாமல் போனாலும் அது விழாது. டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துகிறேன். ஆர்.சி.சி.பி. விழுகிறதா என்று மட்டும்தான் அது காட்டும். வீட்டு எர்த் நன்றாக இருக்கிறதா என்பதைத் தனியாக அளக்க வேண்டும்.

எங்களுடைய ஆர்.சி.சி.பி. பழைய 'ஏ.சி.' வகை, அதாவது மாறுமின்னோட்ட ஒழுக்கை மட்டும் உணர்வது. இன்வெர்ட்டர் ஏர்கண்டிஷனர், புதிய வாஷிங் மெஷின் போன்றவற்றின் துடிப்பான டி.சி. ஒழுக்கை (ஒரே திசையில் விட்டுவிட்டுப் பாய்வதை) அது சரியாக உணராது. அடுத்து வாங்குவது அதையும் உணரும் 'ஏ' வகைதான்.