வெட்டுத் தடுப்புக் கையுறை: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

எங்கள் சமையலறையில் சுழலும் வட்டப் பிளேடால் மெல்லிய துண்டுகளாக நறுக்கும் ஸ்லைசர், இறைச்சி அரைக்கும் இயந்திரம், மாவு பிசையும் இயந்திரம் ஆகிய மூன்றும் நாள்தோறும் ஓடுகின்றன. ஸ்லைசரைத் துடைத்துக்கொண்டிருந்த உதவியாளர் ஒருவரின் கட்டைவிரலில் தையல் போட நேர்ந்த பிறகுதான் வெட்டுத் தடுப்புக் கையுறைகளை வாங்கினோம். அப்போது இயந்திரம் ஓடவே இல்லை. நின்றிருந்த பிளேடின் விளிம்பில் ஈரத்துணி வழுக்கியிருந்தது.

ஐரோப்பியத் தரமான ஈ.என். 388, வெட்டுத் தாங்குதிறனை 2 நியூட்டனில் (விசையின் அலகு) தொடங்கும் 'ஏ' முதல் 30 நியூட்டனில் தொடங்கும் 'எஃப்' வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறது. உயர்ந்ததே சிறந்தது என்று எண்ணி முதலில் 'எஃப்' வாங்கினோம். தடிப்பு தாளாமல் ஊழியர்கள் அதைக் கழற்றிவைத்துவிட்டே துடைத்ததால், 15 நியூட்டனில் தொடங்கும் 'டி' நிலைக்கு இறங்கினோம். ஆணியில் தொங்கும் கையுறை எந்த நிலையில் இருந்தால் என்ன? இந்த மூன்று ஆண்டுகளில், துடைக்கும்போது கையுறையில் இரண்டு முறை கீறல் விழுந்தது, தோலில் விழவில்லை. கத்தி முனை குத்துவதை மட்டும் இந்தப் பின்னல் தடுப்பதில்லை. கையுறையின் பாலிஎத்திலீன் இழை ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதை அறியாமல், சூடான தட்டை அதைக் கொண்டு பிடித்து ஒரு சோடியைப் பாழாக்கினோம்.

ஆனால் நான் வலியுறுத்த விரும்புவது, இக்கையுறையை ஓடும் இயந்திரத்தின் அருகே அணியக் கூடாது என்பதைத்தான். நியூட்டன் அளவுகள் யாவும் அளந்த எடையுடன் ஒருமுறை இழுக்கப்படும் பிளேடுக்கு உரியவை. மோட்டாரின் விசைக்கு அவை பொருந்தா. சுழலும் பாகத்தில் சிக்கினால், எளிதில் கிழியாத அந்த இழையே கையையும் சேர்த்து உள்ளே இழுத்துவிடும். ஆகவே அரைக்கும் இயந்திரத்தில் தள்ளும் கட்டையும், ஸ்லைசரில் நறுக்கும் பொருளை வைத்து நகர்த்தும் தாங்கித் தட்டின் கைப்பிடியும், மாவு இயந்திரத்தில் திறந்தவுடன் ஓட்டத்தை நிறுத்தும் கம்பிக்கூண்டும்தான் எங்களுக்குப் பாதுகாப்பு. இந்தக் கூண்டு மூடியிருப்பதை அறியும் உணரியில் யாரோ ஒரு காந்தத்தை ஒட்டி, கூண்டு திறந்திருக்கும்போதே இயந்திரத்தை ஓட்டியதை ஒருநாள் கண்டேன். மாவு சேர்க்கும்போது நேரம் மிச்சமாகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் வெறும் பாத்திரத்துடன் ஓடவிட்டு, கூண்டைத் திறந்து, இயந்திரம் நிற்கிறதா என்று நானே பார்க்கிறேன்.

கையுறைக்குரிய வேளை, சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, துண்டின் தடிமனை அமைக்கும் திருகைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, பிளேடு முழுவதும் நின்ற பின்னர்தான் தொடங்குகிறது. துணியை நடுவிலிருந்து வெளிப்புறமாக மட்டுமே நகர்த்துகிறோம். பிளக்கைப் பிடுங்கியவரே துடைத்து முடித்து மீண்டும் செருக வேண்டும் என்பதும் எங்கள் வழக்கம். இழை பிரிந்த கையுறையைத் தைத்துப் பயன்படுத்துவதில்லை, அன்றே மாற்றிவிடுகிறோம்.